பத்துக்கு நாலு

கூடைப்பந்தில் நான் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. மாவட்ட அணியில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவன், மூன்றாம் வருடம் கொஞ்சம் ஆடினவன், நாலாம் வருடம் முட்டி போனவன். எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவனுக்கு முட்டி போய்விட்டால் போதும், அவனை நிபுணர் ஆக்கிவிடுவார்கள். அப்படித்தான் இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் ஒரு மே மாதம், பதினெட்டுப் பையன்களின் எதிர்காலம் என் நோட்டுக்கு வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். சென்னையில் ஓர் அணி, பெயர் வேண்டாம். பையன்களுக்கு மாதச் சம்பளம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் கொடுத்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்வார்கள். போட்டிகள் எல்லாம் முடிந்த கோடையில், வெளியூர் கிளப்புகளிடம் பையன்களை ஆடவிட்டுப் பார்த்து நல்லவனாக ஒருத்தனைச் சொல்லச் சொல்வார்கள். அந்த வருடம் எங்கள் கிளப்பிடமும் கேட்டார்கள். இடம் ஒன்றே ஒன்று. வயது இருபத்திரண்டைத் தாண்டக் கூடாது. மூன்று வாரம் ஆட்டம் வைத்து, ஒவ்வொருவனுக்கும் ஆட்டத்துக்கு ஆட்டம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கடைசியில் ஒரு பக்க அறிக்கை அனுப்ப வேண்டும். கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் வாய் இருக்கு, நீயே எழுது" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வெயிலுக்குப் பயந்து காலை ஆறரைக்கு ஓர் ஆட்டம், சாயங்காலம் ஐந்துக்கு ஓர் ஆட்டம். நான் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் ஆள். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் காலை ஆட்டம் பார்க்கலாம், ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் சாயங்கால ஆட்டம் பார்க்கலாம், நைட் வாரத்தில் இரண்டையுமே பார்க்கலாம். இவ்வளவு வசதியான நடுவன் உங்களுக்கு எங்கே கிடைப்பான் என்று செயலாளரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கிய அன்றைக்கே அப்பாக்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தர் தன் பையன் இன்னும் வளருவான் என்றார். "எங்க பரம்பரையில இருபத்தஞ்சு வரைக்கும் வளருவாங்க சார்." சொன்னவர் என் தோளுக்கு இருந்தார். இன்னொருத்தர் பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கணக்கில் தொண்ணூற்றாறு. ரீபவுண்ட் எடுக்க அது எப்படி உதவும் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த நாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரைக் குடித்தேன், மார்க்கை மாற்றவில்லை. என் நேர்மையில் எனக்கு அப்போது அபார நம்பிக்கை.

முதல் வாரம் முடிவதற்குள் பதினெட்டு பேர் இரண்டு பேராகச் சுருங்கிவிட்டார்கள்.

ஒருவன் நெட்டையன். கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். ஆறடி நாலங்குலம், தினமும் நாலு முட்டை, ஒன்பது மணி நேரத் தூக்கம். ரிங்குக்குக் கீழே போய் நிற்பான், பந்து வரும், போடுவான். வரவில்லையென்றால் நின்றுகொண்டே இருப்பான். அவன் திரும்புவதைப் பார்த்தால் வீடு மாற்றும்போது பீரோவை நகர்த்துவது போல இருக்கும். ஆனால் போட வேண்டியதைப் போட்டுவிடுவான். அவனுக்கு ஏழு, ஏழு, மறுபடி ஏழு.

இன்னொருவன் டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்துக்காரன். நடுத்தர உயரம். அவன் ஆடிய இடம் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களை ஆடவைக்கிற வேலை. அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி, வாடகை வீடு. அவனுக்கும் அதே காண்ட்ராக்டரிடம் கன்வேயர் பெல்ட் ஓரம் சுத்தம் செய்யும் வேலை ஒன்று தயாராக இருந்தது. முதல் நாளே என்னிடம் சொன்னான். சிபாரிசு கேட்கும் குரலில் இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

"எங்கப்பா கேட்டுக்கினே இருக்காரு சார். மெட்ராஸ்ல என்னா சொல்றாங்கன்னு ஜூன் வரைக்கும் பாத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். ஆவணி வந்தா வயசு தாண்டிடும், அப்புறம் கேக்கவே முடியாது."

முதல் வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். காலை ஆட்டங்கள். அவன் பந்தை வைத்துக்கொண்டு வரும்போது எதிர் அணிக்காரன் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருப்பான், ஏனென்றால் இவன் அவனை அங்கே பார்க்க வைத்திருப்பான். ஒரு முறை இடது பக்கம் கையை நீட்டி ஆளைக் கூப்பிட்டபடியே, முதுகுக்குப் பின்னாலிருந்து வலது பக்கம் பாஸ் கொடுத்தான். என் டீ டம்ளர் கவிழ்ந்து பேண்ட் நனைந்தது. ஒன்பது போட்டேன். அடுத்த ஆட்டத்துக்கும் ஒன்பது. மூன்றாவதுக்கு எட்டு, அதுவும் பேண்ட் காயாத எரிச்சலில்.

இரண்டாம் வாரமும் அவன் அணிக்குக் காலை ஆட்டங்கள்தான். நெட்டையன் அணிக்குச் சாயங்காலம். இந்த வாரம் மந்தாரக்குப்பத்துக்காரன் ஆளே மாறிப்போனான். நாலு, நாலு, மூன்று. ஆட்டத்தில் எதுவுமே நினைவில் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் நடக்காமல் ஆட்டம் முடிந்துவிடுகிறது. மூன்றாம் வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், அவனுக்குச் சாயங்கால ஆட்டங்கள். மறுபடியும் எட்டு, ஒன்பது.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. என்னவோ நீதிபதி மாதிரி எழுதினேன். அந்த நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'இவரிடம் திறமை உண்டு, நிலைத்தன்மை இல்லை. முதல் வாரம் கண்ட ஆட்டத்தை இரண்டாம் வாரம் காணோம். தொழில்முறை அணிக்குத் தேவை தினமும் ஒரே மாதிரி ஆடுபவர். மேலும், இரண்டாம் வாரத்தில் இவர் பந்தைப் போட்டதும் பார்வையாளர் பக்கம் திரும்பி வாயில் விரல் வைத்துக் காட்டியதைக் கவனித்தேன். தலைக்கனம் தெரிகிறது. அதே வாரத்தில் இவர் ஆட்டத்துக்கு ஒரு கைதட்டல்கூட எழவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.' நெட்டையனைப் பற்றி இரண்டே வரி. 'நம்பகமானவர். உயரமானவர்.'

பத்து நாளில் பதில் வந்தது. நெட்டையனை எடுத்துக்கொண்டார்கள். அவன் அப்பா கிளப்புக்கு ஒரு கிலோ லட்டு கொண்டுவந்தார். மந்தாரக்குப்பத்துக்காரனும் வந்து நெட்டையனுக்குக் கை கொடுத்தான், ஒரு லட்டு எடுத்துக்கொண்டான், என்னைப் பார்த்து "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் இரண்டு லட்டு சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி பழைய பேப்பர் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த நோட்டும் அதில் இருந்தது. புரட்டினாள். அவளுக்குக் கூடைப்பந்தில் அக்கறை கிடையாது. வளர்ந்த ஆம்பிளைகள் ஏன் ஒரு வளையத்துக்காக இப்படி அடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பவள். ஆனால் ஷிப்ட் விஷயத்தில் அவள் புலி. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டரில் என் ஷிப்ட்டை எழுதி வைப்பது அவள்தான். நைட் நாட்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவாள்.

நோட்டைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த நாலு, நாலு, மூணு யாரோட மார்க்கு?"

"மந்தாரக்குப்பத்துப் பையன். அந்த வாரம் சொதப்பிட்டான்."

"மூணும் உங்க நைட் வாரத்துல. மூணும் காலையில. வீட்டுக்குக்கூட வராம நேரா போனீங்களே."

"அதுக்கென்ன?"

"அந்த வாரம் காலை ஆட்டம் ஆடின எல்லாருக்கும் மூணும் நாலுமாத்தான் இருக்கு. சாயங்காலம் ஆடினவங்களுக்கெல்லாம் வழக்கம்போல இருக்கு." நோட்டை என் மடியில் போட்டாள். "இது அந்தப் பையனோட மார்க் இல்லங்க. உங்களோடது."

நான் கத்தினேன். தப்பு என் மேல் இருக்கும்போதெல்லாம் எனக்குச் சத்தம் நன்றாக வரும். கண்ணை மூடாமல் பார்த்தேன் என்றேன், இத்தனை வருட சர்வீஸில் தூக்கத்தை அடக்கத் தெரியாதா என்றேன். அவள் பேப்பரைக் கட்டினாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வாரத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரைப் பக்கம் குறிப்பு. நைட் வாரத்தில் 'சுமார்' என்று ஒரே சொல், அதுவும் கோட்டை விட்டு இறங்கிக் கீழே வழிந்திருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். நான் தூங்கினேனா என்று நேராகக் கேட்டேன்.

"தூங்கின" என்றார். "மூணு நாளும். ரெண்டாவது நாள் குறட்டை."

"எழுப்ப வேண்டியதுதானே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நைட் முடிச்சுட்டு வந்த மனுஷனை யாராவது எழுப்புவாங்களா?"

அவர் சொன்னது இந்த ஊரின் சட்டம். நைட் முடித்தவன் படுத்திருக்கும் வீட்டுப் பக்கம் விளையாடும் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைப்பார்கள். விருந்தாளி வந்தால் வாசலிலேயே ஜாடை காட்டுவார்கள். எவ்வளவு அவசரமானாலும் சரி, மத்தியானம் வரை பொறுத்திருந்துதான் பேசுவார்கள். அந்தச் சட்டம் என் வீட்டில் மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். கூடைப்பந்து கோர்ட்டில்கூட அமலில் இருந்திருக்கிறது.

"அறிக்கையையாவது நீங்க படிச்சுப் பாத்திருக்கலாமே?"

"அதுக்குத்தானே உன்னை எழுதச் சொன்னேன்" என்றார்.

அங்கிருந்தே சென்னைக்குப் போன் செய்தேன். அணியின் கோச் எடுத்தார். மார்க்கில் ஒரு சிறு பிழை, மறுபரிசீலனை வேண்டும் என்று ஆரம்பித்தேன். என்ன பிழை என்றார். கூட்டலில் என்றேன். எத்தனை மார்க் கூடும் என்று கேட்டார். வேறு வழியில்லாமல், தூங்கிவிட்டேன் சார் என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். மறுபடி சொன்னேன். பிறகு, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, பையன் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் இவனுக்கு வயது தாண்டிவிடும் என்றேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் மந்தாரக்குப்பம் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் அவன் வீடு. வாசலில் பக்கெட் வைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். நான் உட்காரவில்லை.

"ரெண்டாவது வாரம் எப்படி ஆடின?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சார் ஆடினேன்." அலட்டல் இல்லாமல் சொன்னான். "கடைசி ஆட்டத்துல முப்பத்தோரு பாயிண்ட்டு."

"பந்தைப் போட்டுட்டு ஜனங்களைப் பாத்து வாயில விரலை வச்சியே, அது எதுக்கு?"

அவன் தயங்கினான். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று யோசித்திருப்பான்.

"பசங்க விசிலடிச்சிக்கினு இருந்தாங்க சார். நீங்க கண்ண மூடறதும் தொறக்கறதுமா இருந்தீங்க. எங்கப்பா மாரியே தல தொங்கிக்கினு இருந்துச்சி. கையும் தட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

தலைக்கனம் என்று எழுதியிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"உன் பொழைப்புடா அது. என்னை உலுக்கி எழுப்பியிருக்க வேணாமா?"

"எப்டி சார் எழுப்பறது" என்றான். அதற்கு மேல் அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல.

அறிக்கையில் எழுதியது, சென்னைக்குப் போன் செய்தது, அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாகியிருப்பேன், அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் திட்டவில்லை. "பரவால்ல சார், நீங்க வந்து சொன்னீங்களே" என்றான். பிறகு டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"காண்ட்ராக்டரு வரச் சொல்லிட்டாரு சார். திங்கக்கெழமைலேருந்து போறேன்."

இந்த ஊரில் யார் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னாலும் அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. யோசிக்காமல் நானும் கேட்டுவிட்டேன்.

"எந்த ஷிப்ட்?"

அவன் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, "நைட்டு சார்" என்றான்.