சீசா பையன்களில் ஒருத்தி

மண்டலின் வாசிக்கிற ஆளுக்கு விரல் காய்த்துப்போவது சாதாரணம். மனம் காய்த்துப்போவதற்குத்தான் மருந்தில்லை. ஏதாவதொரு பாட்டுக் குழுவில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதினமாக இராது. நீங்களும் உங்கள் பங்குக்கு நொந்திருப்பீர்கள்.

எங்கள் குழு இத்தாலியின் தீவு நகரமான பலெர்மோவில் இருபது வருடமாக இருக்கிறது. வாசிப்பது புளூகிராஸ். அமெரிக்க மலைநாட்டுச் சனங்களின் துள்ளல் இசை: பாஞ்சோ, வயலின், மண்டலின், ஆளுயரப் பேஸ். மேளம் கிடையாது. குழுவின் பெயர் "சீசா பையன்கள்". சீசா என்பது நகரத்தின் ஒரு பகுதி. நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள். பெயரை மாற்றச் சொல்லி நான் சண்டை பிடிக்காத வருடமில்லை.

சேர்ந்த விதம்

மன்னாரில் கோயில் பாட்டுக் குழுவில் மண்டலின் வாசித்தவள் நான். இங்கே வந்து சீசாவில் ஒரு மாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவினேன். கீழே சால்வோவின் சலூன். திங்கட்கிழமைகளில் சலூனுக்கு லீவு. அன்றைக்கு அவனும், தங்கை ரொசாலியாவும், பேஸ் பிடிக்கிற பிப்போவும் உள்ளே இருந்து வாசிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் கை துருதுருத்தது.

ஒரு திங்கள், வேலை முடித்து, வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றி, மண்டலினோடு திரும்பிவந்து கதவைத் தட்டினேன். மாதக்கணக்காக எனக்குக் காலை வணக்கம் சொன்ன மனிசனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மண்டலினைக் கண்டு முகம் மலர்ந்து சொன்னான்: "வாங்கோ, வாங்கோ! ஆனா காலைத் துடைச்சிட்டு வாங்கோ, படி கழுவுற பொம்பிளை கத்துவா."

திருவிழா

மலையடிவாரத்து ஊரொன்றில் புனிதரின் திருவிழா. கூட்டத்துக்குள் எங்கள் நிறத்து ஆட்கள் ரோசாப்பூ விற்றுக்கொண்டு திரிந்தார்கள். எங்களுக்கு முதல் பெரிய மேடை. மற்ற மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். காவலுக்கு நின்றவன் எனக்கு மட்டும் குறுக்கே கையை நீட்டினான். என் கையில் மண்டலின் பெட்டி. கழுத்தில் கலைஞர்களுக்குத் தருகிற அட்டை. இதற்கு மேல் என்னத்தைக் காட்டுவது? சால்வோ மேலேயிருந்து கத்திய பிறகுதான் விட்டான். மன்னிப்பாவது கேட்பான் என்று நின்று பார்த்தேன். "ரோசாப்பூ விக்கிற ஆக்களை மேல விடவேண்டாமெண்டு எனக்குச் சொல்லியிருக்கு."

எங்கட ஆக்கள்

வெள்ளைக்காரர்கள்தான் அப்படி என்று நினைக்காதேயுங்கோ. எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு தமிழ்க் கலியாணம். கெஞ்சாத குறையாகக் கேட்டு எங்கள் குழுவுக்கு இடம் எடுத்திருந்தேன். இரண்டாவது பாட்டில் சின்னப்பிள்ளைகள் கைதட்டி ஆடத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டு முடிந்ததும், மாப்பிள்ளையின் பெரியம்மா, எங்கள் ஊர் அன்ரி, மேடை விளிம்புக்கே வந்துவிட்டா. பாராட்டத்தான் வாறா என்று குனிந்தேன். "பிள்ளை, அவையள் வாசிக்கட்டும், நீ வந்து புரியாணி போட ஒரு கை குடு."

அசல் அமெரிக்கா

கடற்கரையில் ஓர் இசை விழா. ஒழுங்கு செய்தவர் ஒலிச்சோதனை நேரத்தில் வந்து, என்னைப் பிப்போவின் பேஸுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். ஏனென்று கேட்டேன். பதிலை எனக்குச் சொல்லவில்லை, சால்வோவுக்குச் சொன்னார். தீவின் மறுகரை மெசினாவுக்கு அப்பால் போயறியாத சால்வோ, மாட்டுக்காரத் தொப்பியோடு நின்று பாஞ்சோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டும் துடைப்பதை நிறுத்தவில்லை. ரொசாலியாதான் வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "அவளுக்கு எங்கை இடமோ, அங்கைதான் எனக்கும்" என்றாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை: "அமெரிக்க இசையெண்டு விளம்பரம் போட்டிருக்கிறம். இவவைப் பாத்தால் ஆர் நம்புவினம்?"

படம்

போன வருடம் ஒரு பத்திரிகைக்காரர் குழுவின் வரலாற்றை எழுத வந்தார். மூவரிடமும் இசையைப் பற்றிக் கேட்டார். என்னிடம் என்ன கறி சமைப்பேன் என்று கேட்டார். வெளிவந்த படத்தில் சால்வோ, ரொசாலியா, பிப்போ. ஓரத்தில் என் இடது கையும் மண்டலினின் கழுத்தும். சலூனில் அந்தப் பத்திரிகையைச் சால்வோவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தான். "உன்ரை கை நல்லா விழுந்திருக்கு."

என் நிபந்தனை

அதற்குப் பிறகு நான் போகவில்லை. புளூகிராஸில் மண்டலின்தான் மேளத்தின் வேலையையும் செய்யும். நான் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியில் பாட்டு நடுவழியில் குலைந்து நின்றதாம். சால்வோ ஒரேத்தோ பகுதியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தான். கதிரை காட்டினேன், தேத்தண்ணி கொடுக்கவில்லை. "கடற்கரையிலை நான் கதைச்சிருக்கவேணும்" என்றான். இனி நடுவில் நிற்பவள் நான், மைக்கில் கதைப்பவளும் நான் என்றேன். "ஓம், அப்பிடியே செய்வம்" என்றான்.

அடுத்த நிகழ்ச்சி பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில். நடுவில் நின்றேன். ஒவ்வொரு பாட்டையும் இத்தாலியனிலும் தமிழிலும் அறிவித்தேன். சந்தைக் கடைக்காரத் தமிழர்கள் விசிலடித்தார்கள். இறங்கியபோது முன்வரிசையிலிருந்த ஒரு சிக்னோரா, வெள்ளைக்கார அம்மா, கண் கலங்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. நானும் அவவின் கையை இறுக்கிப் பிடித்தேன். "என்ன அருமையான கை! எனக்கும் வியாழக்கிழமையளிலை வீடு துடைக்க ஒராள் வேணும், வருவியளோ?"

இசைக்கு நாடுமில்லை, நிறமுமில்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், ஒருநாள் என்னோடு ஒலிச்சோதனைக்கு வந்து பார்த்துவிட்டு முழங்கட்டும்.