வீடு தேடி வராத இனாம்

எங்கள் ஊர் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் போனால், சாம்பிராணிக்கு முன்னால் மூக்கில் ஏறுவது பாச்சை உருண்டை வாசனைதான். பெண்கள் உட்காரும் பக்கம் முழுக்க அந்த நெடி அடிக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பாபநாசத்துப் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வாசல் தெளித்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு புதுப்புடவை தீபாவளி "இனாமாக"க் கிடைக்கும். தீபாவளி எங்கள் பண்டிகை இல்லை என்பதால், அதை டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பூட்டி வைத்து, ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஏசு பிறந்த நாளில் எங்கள் அம்மாமார் எல்லோரும் தீபாவளிப் புடவையில் நின்று பாடினார்கள். இன்று இதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது. அன்று எனக்கு அது பெரிய வெட்கம்.

என் அம்மா புஷ்பம் வேலை பார்த்தது மிராசு வீட்டில். மிராசு என்ற பட்டம்தான் அவர்களிடம் மிச்சம், நிலத்தில் பாதி எப்போதோ கைமாறிவிட்டது என்று அப்பா சொல்வார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் என்பதால் யார் வயல் நெல் யார் பெயரில் வருகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் அந்த வீட்டைப் பார்த்தால் ஒரு குழி நிலம்கூடக் குறைந்ததாகத் தெரியாது. வீட்டம்மா, அதாவது நாங்கள் "மிராசம்மா" என்று சொல்பவர், கொல்லை நடையில் வந்து நின்றுகொள்வார். பால் ஊற்றுகிறவர், துணி தேய்க்கிறவர், தேங்காய் பறிக்கிறவர், சிலிண்டர் தூக்கி வருகிறவர், அம்மா என்று எல்லோரும் கிணற்றடியில் காத்திருக்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். தபால்காரருக்கு மட்டும் முன்வாசலில், காபியோடு. பழைய நிலப் பத்திரங்களிலும் இந்த இனாம் என்ற சொல் வருமாம். அங்கே அது வேலிக் கணக்கில் நிலம், எங்களுக்கு முழக் கணக்கில் துணி. அம்மா எப்போதாவது சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டால், "அதான் தீபாவளிக்குச் செய்யறேனேடி" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார் மிராசம்மா.

எங்களுக்கு வாங்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள், கொடுக்கவும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அம்மா முறுக்கும் அதிரசமும் ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி, மிராசு வீட்டுக்கு எடுத்துப் போவாள். "எதுக்குடி இதெல்லாம்" என்று சிரித்தபடி, துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகச் சொல்வார் மிராசம்மா. பத்து வருடம் அப்படித்தான் நடந்தது. பதினோராவது வருடம், தட்டை வைத்துவிட்டு வந்த அன்று மாலையே, மாட்டுக்குக் கழுநீர் ஊற்றப் போன அம்மா தொட்டியில் தன் அதிரசம் ஊறி மிதப்பதைப் பார்த்திருக்கிறாள். முறுக்கும் கிடந்ததாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "மாடு சாப்பிட்டதுக்கு எனக்கு வருத்தமில்லீங்க. அது நல்லாத்தான் சாப்பிட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள். பிறகு பத்து மாதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மறந்தே போனோம்.

அடுத்த ஐப்பசி வந்தது. நான் ஆறாம் வகுப்பு. அந்த வருடத்துக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு முதல் சுடிதார் எடுத்துத் தருவதாக ஏற்பாடு. கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கிளிப்பச்சைச் சுடிதாரை நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்து, கடைக்காரரே "அது எங்கேயும் போயிடாது பாப்பா" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. அதை வாங்குவதற்கான பணம் மிராசம்மா புடவையோடு வைத்துக் கொடுக்கும் கவரில்தான் வர வேண்டும். புதுத்துணிக்கென்று வேறு வழியில் எங்கள் வீட்டுக்குப் பணம் வராது.

தீபாவளிக்கு முந்தின நாள், மழைத் தூறலில், கிணற்றடியில் நின்ற எல்லோர் முன்னிலையிலும் "புஷ்பம்" என்று மிராசம்மா கூப்பிட்டதும் அம்மா போயிருக்கிறாள். கையை மட்டும் நீட்டவில்லை.

"எனக்குக் கிறிஸ்துமஸுக்குக் குடுங்கம்மா."

"என்னடி புதுசா? எல்லாருக்கும் இன்னைக்குத்தான். வாங்கிட்டுப் போய் வச்சிருந்து உன் பண்டிகைக்குக் கட்டிக்கோ. யாரு வேணாங்கறா?"

"வருசா வருசம் அப்படித்தாம்மா கட்டிக்கிட்டேன். அது உங்க பண்டிகைக்கு நீங்க குடுத்தது. என் பண்டிகைக்கு இதுவரைக்கும் நீங்க ஒண்ணும் குடுக்கலையே."

மிராசம்மா சிரித்துவிட்டு, சரி, அப்போதே வாங்கிக்கொள் என்று புடவையை உள்ளே எடுத்துப் போய்விட்டாராம். மற்ற எல்லோரும் பையோடு வீடு திரும்ப, அம்மா வெறுங்கையோடு வந்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு வந்ததை விட்டுட்டு வந்திருக்கா பாரு" என்று சுவரிடம் சொன்னார். நான் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. தெருவில் அம்மாவுக்கு "திமிர் பிடிச்சவ" என்று பெயர் வந்தது அந்த வாரம்தான், அதையும் முதலில் சொன்னது எங்கள் ஆட்கள்தான்.

மார்கழி பிறந்தது. எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஓடிய வாய்க்கால் நிரம்பி, அதைக் கடக்கிற மதகுக்கு இரண்டு பக்கமும் சம்பா கதிர் தள்ளி நின்றது. அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனாள், எதையும் நினைவுபடுத்தவில்லை. இருபத்து நான்காம் தேதி மாலை மிராசம்மாவே பேச்சை எடுத்தார்: நாளைக் காலையில் சீக்கிரம் வந்து பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு, புடவையை வாங்கிக்கொண்டு போ. நாளைக்கு எனக்குப் பண்டிகை, வேலைக்கு வரமாட்டேன் என்றாள் அம்மா. பிறகு எப்படி வாங்கிக்கொள்வாயாம் என்று அவர் கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலை, அன்றைய கதையை எத்தனை தடவை மாற்றி மாற்றிச் சொன்னாலும், அவள் ஒரு எழுத்துகூட மாற்றியதில்லை.

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்கம்மா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு, குடுத்துட்டுப் போங்க."

மதகைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் மிராசு வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை வந்ததில்லை. வருவார்கள் என்று அம்மாவும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் வாசலைப் பெருக்கி, அதிரசத்தை எடுத்து வைத்து, துவைத்து மடித்த பழைய நூல் புடவையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் சாயம் போன பாவாடையில் திண்டாடிக்கொண்டிருந்தேன். மற்ற பெண்கள் புதுத்துணியில் எங்கள் வாசல் வழியாகவே நாலு தடவை போய் வந்தார்கள், வேண்டுமென்றே.

பத்து மணி வாக்கில் வண்டிச் சத்தம் கேட்டது. வந்தது மிராசம்மா இல்லை, அவர்களுடைய காரியக்காரர். டிவிஎஸ் வண்டியை மதகிலேயே நிறுத்திவிட்டு, புஷ்பத்தைக் கூப்பிடச் சொல்லி ஆள் விட்டார். "வீடு இங்கதான் இருக்குன்னு சொல்லு" என்று அம்மா அந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். கால் மணி நேரம் அவரும் அங்கேயே நின்றார், அம்மாவும் இங்கேயே நின்றாள். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் வண்டியைத் தள்ளியபடி அவர்தான் வந்தார். பையை நீட்டினார். மேலே புடவையின் சரிகைக் கரை தெரிந்தது, கவரும் தெரிந்தது. என் கண் கவரில்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"அம்மா வரலீங்களா?"

"அவங்களுக்கு முட்டிவலி."

"தேவலையானதும் வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் இது அங்கேயே இருக்கட்டும்."

அவர் நீட்டிய பையை மெல்ல இறக்கினார். அம்மா அதிரசத் தட்டை நீட்டினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துத் தின்றார், பிறகு இன்னொன்றும். "பாகு நல்லா வந்திருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, பையோடு வண்டியைத் திருப்பினார். என் சுடிதார் அந்தப் பையோடு மதகைத் தாண்டிப் போனது. நான் ஓவென்று அழுதேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, போய் அடுப்பில் கறிக்குழம்பைக் கிளறினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபோது கிணற்றடியில் வேறு ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிராசம்மா வெளியே வரவேயில்லை. அன்றைக்கும் வரவில்லை, எங்கள் வீட்டுக்கு என்றைக்கும் வரவில்லை. அம்மா நான்கு மாதம் நடவு, களை, அறுப்பு என்று கிடைத்த வயலில் இறங்கினாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே போனஸ் என்று ஒன்று தந்தார்கள். எல்லா ஆசிரியர்களும் வாங்கிய அதே மேசையில், தட்டுத் தடுமாறிக் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அடுத்த தீபாவளியில் எங்கள் தெருவில் மூன்று பேர் அவரவர் வேலை பார்த்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஒருத்திக்குக் கிடைத்தது, ஒருத்திக்குத் திட்டு, ஒருத்திக்கு வேலை போனது. வேலை போனவள் எங்கள் வாசலில் வந்து அம்மாவைத் திட்டினாள். அம்மா அவளை உட்கார வைத்துச் சோறு போட்டாள். இதையெல்லாம் வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையை வாங்கியிருக்கலாமே என்று யாராவது இன்று என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். திமிர்தான். அந்தத் திமிரில்தான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மிராசு வீடு இப்போது கல்யாண மண்டபம். கொல்லை நடை, மாட்டுத் தொட்டி எதுவும் இல்லை, போனது நல்லது. எங்கள் தெருப் பெண்கள் துணிக்கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்க்கிறார்கள். பூசையில் இப்போது விதவிதமான சென்ட் வாசனை. நான் தஞ்சாவூரில் நாலாவது மாடியில் குடியிருக்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். தண்ணீர் கேன் போடுகிறவருக்கு ரம்ஜானுக்கு, மாடி கூட்டுகிற செல்விக்குத் தீபாவளிக்கு என்று அவரவர் நாளில் கொடுப்பது என் வழக்கம், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சாப்பாடும் பொருளும் கொண்டு வருகிறவர்களுக்குப் போனிலேயே ஒரு பொத்தானை அழுத்தி டிப்ஸ் அனுப்பிவிடுவேன். ஒரு நாள் அதை அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப அவன் வேணாம்னு சொல்லணும்னா எப்படிடி சொல்லுவான்?" என்று கேட்டாள். பொத்தான் வந்ததில் காணாமல் போனது அதுதான். அன்றிலிருந்து கையிலேயே கொடுக்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்குப் பார்சல் கொண்டு வந்தது ஒரு பெண், குத்தாலத்துப் பக்கம் ஊர், இருபது வயது இருக்கும். முகமெல்லாம் வேர்வை. நோட்டை நீட்டினேன்.

"வேணாங்க்கா."

"பண்டிகைம்மா, வச்சுக்கோ."

"காசெல்லாம் வேணாங்க்கா. டெலிவரிக்கு வர்றவங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு கீழ எழுதிப் போட்டிருக்கீங்க. தினம் நாலு மாடி ஏறி வரேன். முடிஞ்சா அதைக் கேளுங்க."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. எவ்வளவு மரியாதையாகக் கொடுக்கிறேன், என்ன பேச்சு இது என்று ஒரு நொடி நினைத்தேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. மூன்று வருடமாக அந்த லிஃப்டில் ஏறி இறங்குகிறேன், அந்தப் பலகையை வாசித்ததே இல்லை.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு இரண்டாவது மாடி, இருவரும் இறங்கிப் போய் மணியடித்தோம். கதவைத் திறந்தவர், "பண்டிகை நாளும் அதுவுமா என்னங்க விஷயம்? நாளைக்குப் பேசலாமே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவரைத் தாண்டி உள்ளே போய், சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.