கொத்தனாரைத் திட்டுகிறவள்

கூட்டாளி அரங்கநாதன் விஜயதசமியன்று காலை வேறு வேலைக்காகப் பெங்களூர் பஸ் ஏறியபோது, அரியலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாடிக் கடையில் பரிமளா கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பூசையில் வைத்த சந்தனம் மானிட்டரில் காய்ந்து உதிர்ந்தது. வழியனுப்ப அவள் போகவில்லை. "போறவங்க போவட்டும். கொத்தனாரே, நீ என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

கொத்தனார் என்பது அரங்கநாதன் எழுதிய ஒரு மென்பொருள் கருவி. லாரி ஆபீஸ்களுக்காக இருவரும் எழுதிவந்த நிரல்களில் எந்தத் துண்டு மாறியிருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் புதிதாகத் தயாரித்து, மற்றவற்றோடு கட்டி சிடியில் போட்டுவிடும். சிமெண்ட் ஃபேக்டரிகள் நிறைந்த ஊருக்கு ஏற்ற பெயர் என்று அவனே வைத்தது.

அதோடு பேசிக்கொண்டேதான் பரிமளா வேலை பார்ப்பாள். உட்காருமுன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுவாள், நாற்று நடப் போகிறவள் மாதிரி. டீ ஆறி ஆடை படிந்த பிறகுதான் குடிப்பாள். பிழை அகப்பட்டால் "மாட்டுனியா!" என்று மேசையில் ஒரு தட்டு. கீழே ஜெராக்ஸ் கடை ஜானகி, "யாரைக்கா அடிக்கிறீங்க?" என்று குரல் கொடுப்பாள்.

அந்த மாதமே சோதனை வந்தது. செல்லமுத்துவின் லாரி ஆபீஸில் ஒரே லோடுக்கு இரண்டு சீட்டு அச்சாகியது. பரிமளா திருத்திப் புது சிடி கொடுத்தாள். மறுபடியும் இரண்டு. இன்னொரு சிடி. அதிலும் இரண்டு.

"ஏம்மா, என் லாரி என்ன ரெட்டைப் புள்ளையா? ஃபேக்டரி கேட்ல சிரிக்கிறானுவ. நாளைக்கும் இப்படின்னா பழையபடி கையாலயே எழுதிக்கிறேன்."

அவர் விலகினால், அவரைப் பார்த்துச் சேர்ந்தவர்களும் விலகுவார்கள். கடையைப் பூட்டிவிட்டுச் செந்துறையில் வீட்டோடு போய் உட்கார வேண்டியதுதான். அரங்கநாதனுக்குப் போன் போட்டாள்.

"கொத்தனார்ல தப்பே வராது. நீதான் சேவ் பண்ணாம வுட்டிருப்ப."

அப்படியும் இருக்குமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. மறுநாள் காலை கரண்ட் போய் வந்ததும், திருத்தியதைச் சேமித்துவிட்டுக் கோப்பின் தேதியைப் பார்த்தாள். ஐந்து வருஷம் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் கடிகார பேட்டரி செத்துக் கிடந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பழைய காலத்துக்கு ஓடிவிடும். அரங்கநாதன் காலையில் வந்ததும் அதைச் சரிசெய்துவிடுவான். அந்தப் பழக்கத்தை மட்டும் சொல்லாமல் போயிருந்தான். தேதியை மட்டுமே பார்க்கும் கொத்தனாரோ, அவள் திருத்தத்தைப் பழசு என்று ஒதுக்கிவிட்டு, பிழையுள்ள துண்டையே சிடியில் கட்டிக்கொண்டிருந்தது.

பேட்டரியை மாற்றினால் போதும்தான். அவள் கொத்தனாரையும் மாற்றினாள். "தேதியைப் பாக்காத. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படி." சாயங்காலம் ஒரே சீட்டு வந்தது. செல்லமுத்து அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னு பாத்தேன்மா."

அதன் பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. ஒரு துண்டு கெட்டிருந்தாலும் "முடிந்தது" என்று அறிவிக்கும் பொய்யை நிறுத்தினாள். முதல் பிழையிலேயே படுத்துக்கொள்ளும் அதன் குணத்தை மாற்றி, எல்லாப் பிழைகளையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்தாள். வருஷங்கள் போகப் போக, அரங்கநாதன் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

2007 ஐப்பசி மழையில் அவனிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. "கொத்தனார் இன்னும் வேலை பாக்குறாரா?"

"உங்க கொத்தனார் போயி ரொம்ப நாளாச்சு" என்று அடித்தாள் பரிமளா. பிறகு எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, "பாக்குறாருண்ணே" என்று அனுப்பினாள்.