அக்காவின் பெயரில் உள்ளே போனோம்

தீப்பெட்டி அகலம்தான் இருக்கும் அந்தச் சீட்டு. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் இருந்த இரும்பு ரேக்கின் கதவில், உட்புறமாக ஒட்டியிருந்தது. அக்காவின் குண்டு குண்டுக் கையெழுத்தில் அவருடைய மகளின் பெயர், பக்கத்தில் மூன்று எண்கள், அடியில் 'முதல் எழுத்து பெரிசு' என்று ஒரு குறிப்பு. அதுதான் எங்கள் பாஸ்வேர்டு.

இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன அலுவலகத்தில் இருந்தோம். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரு பெரிய சேமிப்புப் பெட்டியில் இருக்கும். அதற்குப் போகும் வழி இரண்டு சுவிட்சுகள்தான். அவற்றுக்குள் நுழையத் தனி லாகின் வேண்டுமானால் மூன்று பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாளர் அக்கா. "எதுக்குப்பா லோல்படுறே? என் பேர்லயே உள்ள போ" என்பார். நாங்கள் நான்கு பேரும் அவர் பெயரிலேயே போனோம், வந்தோம்.

சுவிட்சில் கோளாறு என்றால் மேசையிலிருந்த அலுவலகச் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். ஒரு சுவிட்சில் கேபிள் சரியில்லாமல் ஒரு வாரமாக அது ஓயாமல் கத்தியது. ஒரு மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மறுபடியும் ஆரம்பித்தது. "சனியனே" என்று எழுந்தேன். அந்தக் கேபிளுக்கான எச்சரிக்கையை மட்டும் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பொறுமை இல்லாமல் அந்த சுவிட்சின் எல்லா எச்சரிக்கைகளையும் நிறுத்தினேன். சாயங்காலம் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன்.

நான்காம் நாள் அந்தச் சுவிட்சைக் குளிர்விக்கும் விசிறி நின்றிருக்கிறது. யாருக்கும் செய்தி வரவில்லை. சூடேறி, காலையிலேயே சுவிட்ச் செத்தது. மற்றொன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. அன்று முழுக்க நோயாளிகள் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஓர் அறுவை சிகிச்சையே தள்ளிப்போனது.

மேலாளர் பதிவை எடுத்துப் பார்த்தார். எச்சரிக்கையை நிறுத்தியவர் என்று அக்காவின் பெயர் இருந்தது. அக்கா எங்களிடம் வந்தார். "யாருன்னு சொல்லுங்கப்பா, திட்ட மாட்டேன். இந்த வேலைய விட்டா எனக்கு வேற கதி இல்ல." மற்ற மூவருக்கும் உண்மையிலேயே தெரியாது. தெரிந்த நான் எருமை மாடு மாதிரி நின்றேன். பாஸ்வேர்டை ஒட்டி வைத்ததே குற்றம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் பெயரை நீக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'நிச்சயமா?' என்று திரை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். சீ, என்ன மனுஷன் நான்!

ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடத் துணிந்து போன் செய்தேன். "அக்கா, அந்த அலர்ட்டு..."

"இருப்பா, பிளேன் போவுது." பொழிச்சலூரில் அவர் வீடு, தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த இரைச்சல் அடங்குவதற்குள் எனக்கிருந்த கொஞ்ச தைரியமும் வடிந்துவிட்டது.

"போயிடுச்சு. சொல்லுப்பா."

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் பண்ணேன்."

"நீ ஒருத்தனாவது பண்ணியே" என்றார்.

இப்போது நான் பொறுப்பாளர். என் குழுவில் ஆளுக்கொரு லாகின் உண்டு. யார் எதைத் தொட்டாலும் அவரவர் பெயரே பதிவாகும். ரேக் கதவிலிருந்து உரித்தெடுத்த அந்தச் சீட்டு என் பர்சில் இருக்கிறது. டேப் மஞ்சளாகிவிட்டாலும் அக்கா மகளின் பெயரைப் படிக்க முடிகிறது. அக்காவின் எண்ணுக்கு அடித்தால், அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறார்கள்.