என் வயலில் முந்தி வந்த கதிர்

முதல் கதிரைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரப்பில் நின்றபடியே, ரோட்டில் மன்னார்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி என் கணவரைக் கூவி அழைத்தேன். சுற்றி இருந்த சம்பா வயல் எதிலும் இன்னும் கதிருக்குத் தண்டுகூட உருளவில்லை. என் ஒரு மா நிலத்தில் மட்டும் கதிர்! ஒன்றா இரண்டா, எண்ணி மாளவில்லை.

நான் அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவள். அப்பாவுக்குப் படகு, எனக்குப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் வேலை. காதலித்து இந்த விவசாயக் குடும்பத்துக்கு வந்தேன். என்னை மருமகளாக ஏற்றுக்கொண்ட மாமனார் விவசாயியாக மட்டும் ஏற்கவில்லை. மீன் கழுவின கைக்கு நாற்றுப் பிடிக்க வருமா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கால் ஓரத்து ஒரு மாவை என்னிடம் விடுங்கள் என்று சண்டை பிடித்தேன். சரி, இந்தச் சம்பாவை ஒழுங்காக வீடு கொண்டுவந்து சேர்த்தால் அது உன் சாகுபடி, இல்லையென்றால் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகை என்று சொல்லிவிட்டார். பக்கத்து வயல்காரரும் தினம் வந்து என் வரப்பை அளப்பதுபோல நடந்துவிட்டுப் போவார். பார்க்கப் பார்க்க எரியும்.

நட்டபின் அடித்த மழையில் அங்கங்கே நாற்று அழுகிப் போனது. விடுவேனா? நாற்றங்காலில் மிச்சம் நின்றதிலிருந்து பிடுங்கிவந்து அந்தச் சந்துகளை எல்லாம் நானே நிரப்பினேன். கைக்கு வந்ததை நடவில்லை. செவுள் பார்த்து மீன் எடுக்கும் குடும்பமல்லவா? தடித்தது, வளர்ந்தது, கரும்பச்சையாய் நின்றது என்று பொறுக்கியெடுத்து நட்டேன். களையெடுக்க வந்தவர்களும் அவற்றைத் தொடாமல் போனார்கள். அந்த நாற்றுகள்தான் இப்போது ஊருக்கு முந்திக் கதிர் விட்டிருந்தன.

கணவரோடு மாமனாரும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, ஒரு கதிரை வளைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கதிர் நல்லாத்தான் இருக்கு. நெல்லுதான் இல்ல."

குதிரைவாலிப் புல். நெல் வயலின் களை. அதைத்தான் நான் பார்த்துப் பார்த்து வரிசை பிடித்து நட்டிருந்தேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நிலம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்ததோ சிரிப்பு. அடக்க அடக்கப் பீறிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் டீச்சர் விழித்துக்கொண்டாள்.

முழங்கால் சேற்றில் நின்று பாடம் எடுத்தேன். தலைமுறை தலைமுறையாக இந்த வயலில் களையெடுத்த கை, நெல்லுக்கு மாறாகத் தெரிந்த புல்லை எல்லாம் பிடுங்கிப் போட்டது. தண்டு சிவந்தது போச்சு, படர்ந்து கிடந்தது போச்சு, அதன் வம்சமே இந்த மண்ணில் அற்றுப்போச்சு. கொஞ்சம் நெல் ஜாடையில் நின்றது மட்டும் தப்பி விதை உதிர்த்தது. அதன் பிள்ளைகளிலும் இன்னும் ஜாடை கூடியது தப்பியது. புல்லுக்கு எந்த மூளையும் இல்லை, சலித்துக்கொண்டே இருந்தது மனிதக் கை. இப்படியே போனால் ஒருநாள் தாய்ப்புல்லோடு சேராமல் தனி இனமாகவே பிரிந்துவிடும். புது உயிர்கள் பிறக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"இத உண்டாக்குனதே உங்க வீட்டுக் கைதாங்க மாமா" என்று முடித்தேன்.

மாமனார், விதை கொட்டுமுன் பிடுங்கவேண்டும் என்று குனிந்தார். நாங்களும் இறங்கினோம். கதிர் வந்தவை சுலபம். கதிர் வராத புல் தூர்களும் இடையிடையே இருந்தன, அவைதான் சோதனை. இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்கு போல ஒரு சவ்வு இருக்கும், இந்தப் புல்லுக்கு இருக்காது. நான் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துப் பிடுங்கினேன். அவருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கும் பயிர், மளமளவென்று போய்க்கொண்டிருந்தார்.

சட்டென்று நின்றார். கையில் அவர் பிடுங்கிய ஒரு தூர். இலையை விரித்தார். எட்டிப் பார்த்தேன்; நாக்கு இருந்தது. அசல் நெல்.

என்னை ஒருமுறை பார்த்தார். அந்தத் தூரை இருந்த குழியிலேயே மறுபடி வைத்து, கால் விரலால் சுற்றிலும் சேற்றை அமுக்கிவிட்டார். என் கணவர் இதற்குள் வரப்பில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாமனாருக்கும் மீசை துடித்தது.

"பக்கத்து வயல்காரர்ட்ட குத்தகை இல்லேன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். "அடுத்த குறுவைக்கு நாத்து விடறப்ப என்னையும் கூப்பிடும்மா."

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.