வடைக்கு முளைத்த வால்

இன்று காலை என் போனுக்குள் ஒரு வால் நுழைந்துவிட்டது, மக்களே!

அனுப்பியவன் எங்கள் அரூர் ஆர்ட்டிஸ்ட் முனிரத்தினத்தின் பேரன். தாத்தா பிரஷ்ஷால் எழுதிய போர்டு எழுத்துகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி எழுத்துருவாக்கிவிட்டானாம். ‘துள்ளல் எழுத்து! போர்டுக்கும் போஸ்டருக்கும் மட்டும்!’ என்று விளம்பரம் வேறு.

"ஏதாச்சும் டைப் பண்ணிப் பாருங்க தாத்தா!" என்று எனக்கு ஒரு மெசேஜும்.

பார்த்தேன். ஐம்பது வருடக் கோபம் தீர்த்தமலை உயரத்துக்கு எழுந்து நின்றது!

எழுபதுகளின் தொடக்கம். அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அடியேன் வடைக்கடை திறந்தேன். (என் வடையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் சேலம் தெரியும்.)

முதல் நாளே பாலக்கோட்டிலிருந்து, எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா கடையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கடை பிடித்தால்தான் பெண். பெயர் ருக்மணி.

போர்டு பிரமாதமாக இருக்க வேண்டுமே என்று முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். ‘இங்கு சுடச்சுட வடை கிடைக்கும்’ என்று எழுதினான். அதோடு நிறுத்தினானா பாவி?

‘வ’வுக்கு ஒரு வால் விட்டான்! அது மேலே போய், வளைந்து, கீழே இறங்கி, அசல் துணைக்காலாகவே நின்றுவிட்டது.

வடை, வாடை ஆகிவிட்டது!

சுடச்சுட வாடை!!

"டேய், அழிடா அதை!"

"ஸ்டைலுடா! வாலு இல்லீன்னா எழுத்து மொட்டையடிச்ச மாதிரி இருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்கா? மாமனார் இன்றைக்கல்லவா வருகிறார்!

அதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, ரெண்டு வாடை பார்சல்!"

"எனக்குக் கம்மியான வாடையாப் பாத்துக் குடுங்க!"

பிறகு அவர் இறங்கினார். போர்டைப் படித்தார். துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். (என் வடை அப்போது மணந்துகொண்டிருந்தது. மணம் ஐயா, மணம்!)

"ஏனுங்க தம்பி, உங்க வூட்டுல வடைக்கடைன்னுதானுங்களே சொன்னாங்க?"

"அது காலு இல்லீங்க மாமா, வாலுங்க!"

"வாலோ காலோ... எழுத்து என்னா அழகா இருக்குதுங்க! எழுதுன பையன் யாருங்க?"

பக்கத்திலேயே பிரஷ்ஷோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான் துரோகி.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா தம்பி?" என்று அவனைக் கேட்டார்.

என் வடையை அவர் தொடக்கூட இல்லை!

முனிரத்தினத்தின் கல்யாணப் பந்தலில் ‘நல்வாரவு’ என்று வாலோடு போர்டு தொங்கியது. ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட அதைத் தட்டிக் கேட்கவில்லை!

இன்று அந்தப் பேரன் சொன்னபடியே டைப் செய்தேன். வடை என்று.

திரையில் சுடச்சுட வந்தது, வாடை!

கொதித்துப்போய் எழுத்துருவின் பெயர் என்ன என்று பார்த்தேன்.

‘ருக்மணி’. பாட்டி பெயராம்.

டெலீட் பட்டன் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டேன்.

பெயர் போனிலேயே இருக்கட்டும். வாலை மட்டும் நறுக்குகிற ஆப் யாருக்காவது தெரியுமா, மக்களே?