எட்டாம் நாள் ஊசி

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் டெல்பின் குரலை நம்பி யாரும் கதவைத் திறப்பதில்லை. பால்காரர் மாதிரி கூப்பிடுவாள். பங்குச் சாமியார் மாதிரி அதட்டுவாள். ஒர்க்‌ஷாப் சங்கு மாதிரி ஊதி, அப்பா விக்டரை அரைத் தூக்கத்தில் சைக்கிள் வரை ஓடவைத்தது அவளுடைய ஏழாம் வகுப்புச் சாதனை.

அந்த வாய்க்கு இப்போது இருபத்தெட்டு வயது. திருச்சி விமான நிலையத்தில் சுகாதார ஆய்வாளர். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் கடிதம் வந்தால்தான் உண்டு. இந்த வருஷக் கடிதம் மாதக் கடைசிக்குள் வரவேண்டும். காலையில் சுற்றுச்சுவரோரம் கரண்டியும் டார்ச்சுமாய், தேங்கின தண்ணீரில் கொசுப்புழு தேடுவாள். விமானம் இறங்கியதும் மேசைக்கு வந்து, ஆப்பிரிக்கா பக்கமிருந்து வருகிறவர்களின் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பார்த்துச் சீல் வைப்பாள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தால்தான் அட்டை செல்லும். ஆகாவிட்டால், மீதி நாளுக்குக் கொசுவலை போட்ட தனி அறை.

அன்று ஷார்ஜா விமானத்தில் வந்த கலையரசன் அட்டையை நீட்டினான். உகாண்டாவில் சர்க்கரை ஆலை இன்ஜினியர். டெல்பின் விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"சார், எட்டு நாள்தான் ஆகுது."

"மேடம், இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு நிச்சயதார்த்தம். தில்லை நகர்ல மண்டபம்."

"ரெண்டு நாள் முன்னாடியே போட்டிருக்கலாமே?"

அவன் நெளிந்தான். "போடத்தான் கிளம்பினேன். அம்மா போன்ல, 'அஷ்டமி நவமில ஊசி எதுக்குடா, தசமிக்குப் போட்டுக்கோ'ன்னுட்டாங்க."

வந்த சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு டெல்பின் வாசலுக்குப் போனாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வேன் பிடித்து வந்து காத்திருந்தார்கள்: அவனுடைய அம்மா சந்திரம்மாள் கையில் மாலையோடு, தாய்மாமா பிச்சமுத்து கையில் போனோடு. விஷயத்தைச் சொன்னாள்.

"ஏம்மா, பையன் கல்லு மாதிரி இருக்கான். அவனுக்கென்ன காய்ச்சல்?" என்றார் பிச்சமுத்து.

"இல்லாம இருக்கலாங்க. இருந்தா? அதைப் பரப்புற கொசு நம்ம ஊர்லயே தயாரா இருக்கு. வியாதி ஒண்ணுதான் இன்னும் வந்து சேரல."

"எங்கிட்டயே ரூல்ஸா? இரு." அவர் ஒரு நம்பரை அழுத்தி ஓரமாய்ப் போய்ப் பேசினார்; பத்து நிமிஷத்தில் மறு அழைப்பு வந்ததும் போனை அவள் காதருகே நீட்டினார். அந்தப் பக்கம் கனத்த குரல். இரண்டு வார்த்தைக்கு ஒரு செருமல்.

"ம்ஹ்ம்... ஒப்பந்த ஆளாமே நீ? ம்ஹ்ம்... இந்த மாசத்தோட முடியுதாமே? பையனை அனுப்பிடு. உனக்கும் நல்லது."

வராத கடிதம் டெல்பின் கண்முன் வந்து போனது. ஆனால் வாய் அவள் பேச்சை என்றைக்குக் கேட்டது?

"ம்ஹ்ம்... ஆமாங்க, மாசக் கடைசியோட முடியுது," என்றாள், அதே கனம், அதே செருமல். "ம்ஹ்ம்... அதுவரைக்கும் சீல் என் கையிலதான். பேரைக் குறிச்சுக்கங்க. டெல்பின், பொன்மலை."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். டிராலி தள்ளிக்கொண்டு வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"கிண்டலா பண்ற? உன்னை என்ன பண்றேன் பாரு!" என்றார் பிச்சமுத்து.

"பண்ணுங்க சார். அவர் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய வருவார்." டெல்பின் சந்திரம்மாள் பக்கம் திரும்பினாள். "அம்மா, அஷ்டமி நவமிக்காக ஊசியை ரெண்டு நாள் நிறுத்தி வச்சீங்க. ஊசிக்காக நிச்சயதார்த்தத்தை ரெண்டு நாள் நிறுத்தக் கூடாதா?"

சந்திரம்மாள் மாலையைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கினார். "இன்னிக்குத் திரிதியை. நாளைக்குச் சதுர்த்தி, நாளன்னிக்கு... பஞ்சமி. வளர்பிறைப் பஞ்சமிடா, தம்பி!"

"அக்கா, மண்டபம்?"

"வீட்லயே வச்சுக்கலாம். அந்தப் போனை வச்சு ஊரை மிரட்டினது போதும், பொண்ணு வீட்டுக்குப் பேசு."

பஞ்சமியன்று காலை தனி அறைக்குப் போய் டெல்பின் விடுவிப்புத் தாளை நீட்டினாள்.

"அம்மா உங்களையும் வரச் சொன்னாங்க மேடம்," என்றான் கலையரசன்.

"மாமா இருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்ப கட்டாயம் வரேன். ம்ஹ்ம்... அந்தப் பெரிய மனுஷன் வராட்டி, அவர் வாழ்த்தையும் நானே சொல்லிடுறேன்."

கடிதம் அன்றைக்கும் வரவில்லை. டெல்பின் சீலைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். கரண்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் நடந்தாள்.